உத்தியோகம் தின்ற நாவல்

எழுத்தாளனின் வாழ்க்கையைப் பற்றி உலவும் தப்பெண்ணங்களுக்கு வாசகனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலானவை எழுத்தாளர்களே கிளப்பிவிட்டவை. வாசகன் நம்பினான், அவ்வளவுதான். அதிலும் பெரும்பத்திரிகை வாசகனின் பிரமைகள் — கதையில் வருகிற பெண்ணை எழுத்தாளன் எங்கேயோ காதலித்திருப்பான், மழை பெய்தால் எழுத உட்கார்ந்துவிடுவான், நாலு புஸ்தகம் போட்டவன் நாலு காசு பார்த்திருப்பான் — அசட்டுத்தனமானவை, ஆகவே தீங்கில்லாதவை. ராயல்டி கணக்கை ஒருமுறை காட்டினால் கடைசிப் பிரமை தீர்ந்துவிடும். நான் பேச விரும்புவது நம்மிடையே, சில நூறு பிரதிகளே அச்சாகிற பத்திரிகைகளில் எழுதுகிற, அவற்றைப் படிக்கிற நம்மிடையே, கேள்விமுறையில்லாமல் நடமாடும் ஒரு நம்பிக்கையைப் பற்றி. உத்தியோகம் எழுத்தைத் தின்றுவிடுகிறது என்பது அது.

இதற்கு நம்மிடம் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழில் நவீன எழுத்து என்று நாம் மதிப்பதில் பெரும்பங்கு சம்பளக்காரர்களும் கடை பார்த்தவர்களும் எழுதியது. ந. பிச்சமூர்த்தி முதலில் வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு வானொலி. நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தார். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக் கடை. இவர்கள் அத்தனை பேரும் அந்தப் பகல்களையும் எழுத்துக்கே கொடுத்திருந்தால் என்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் பெருமூச்சு விடாமல் இருப்பதில்லை. அந்தப் பெருமூச்சில் ஒரு சௌகரியம் இருக்கிறது. விடுகிறவர் தம்மையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டுவிடுகிறார். அவரும் ஆபீஸ் போகிறவர்தானே.

இந்த நம்பிக்கையின் குலதெய்வம் காஃப்கா. பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 1908 முதல் 1922 வரை உத்தியோகம். பகலில் கோப்பு, இரவில் இலக்கியம், நடுவில் நசுங்கிய ஆத்மா, உயிரோடிருந்தவரை யாருக்கும் தெரியாத பெயர். நம் பத்திரிகைகளில் அவரைப் பற்றி வந்த குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் இந்தச் சித்திரம்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். இதை அவருடைய தேதிகளோடு வைத்துப் பார்க்கலாம்.

ஆபீஸ் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்தது. சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி, உலாவல், குடும்பத்தோடு ராச்சாப்பாடு, பிறகு பத்தரை பதினொன்றுக்கு எழுத உட்காருவது என்று தம் தினசரியை அவரே ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். 1912 செப்டம்பர் 22-ந் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் காலை ஆறு மணிக்குள் ‘தீர்ப்பு’ கதையை எழுதி முடித்தார். காலையில் லேசான மயக்கம், பிறகு வருகிறேன் என்று மேலதிகாரிக்கு ஒரு சீட்டு அனுப்பினார். அடுத்து வந்த வாரங்களில் அமெரிக்காவைப் பற்றிய நாவலின் பெரும்பகுதி எழுதப்பட்டது. நவம்பர் 17-லிருந்து டிசம்பர் 7-க்குள் ‘உருமாற்றம்’. இவ்வளவும் ஆபீசுக்குப் போய்க்கொண்டே. 1914 அக்டோபரில் ‘விசாரணை’யை முன்னேற்றுவதற்காக லீவு போட்டார், ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம். லீவில் பிறந்தது வேறு ஒரு கதை, ‘தண்டனைக் குடியிருப்பில்’. நாவல் நின்ற இடத்திலேயே நின்றது. காசநோய் கண்டு 1917-18-ல் எட்டு மாதம் சகோதரியோடு கிராமத்தில் இருந்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாகப் பகல் முழுவதும் அவருடையது. அப்போது எழுதியது சின்னச் சின்னச் சிந்தனைக் குறிப்புகள். 1922 ஜூலையில் ஓய்வு பெற்றார். அந்த இலையுதிர் காலத்திலேயே ‘கோட்டை’ பாதியில் கைவிடப்பட்டது. ஆபீஸ் இருந்தபோது முடியாத நாவல் ஆபீஸ் போன பிறகும் முடியவில்லை.

ஆனால் காஃப்காவே ஆபீஸைச் சபித்திருக்கிறாரே என்று கேட்கலாம். சபித்திருக்கிறார், பலமுறை. ‘உருமாற்ற’த்தின் முடிவு கெட்டுப்போனதற்கு நடுவில் போகவேண்டி வந்த ஆபீஸ் பயணத்தைத்தான் காரணம் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதே 1912 அக்டோபரில் அவரைத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோனது இந்த ஆபீஸ் அல்ல. குடும்பப் பணத்தில் மைத்துனர் நடத்திய கல்நார்த் தொழிற்சாலையை இவரும் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வீட்டில் நெருக்கினார்கள். இரண்டு மணிக்குப் பிறகு மிஞ்சியிருந்த நேரத்தையும் அது கேட்டது. நம் நண்பர்கள் இந்தத் தொழிற்சாலையைப் பேசுவதில்லை. குடும்பத்தைவிட ஆபீஸைத் திட்டுவது எங்கும் சுலபம். தவிர, நாட்குறிப்பும் கடிதமும் எழுத்துதான். அவற்றில் வருகிற ‘ஆபீஸ்’ ஒரு பாத்திரம், அதை உண்டாக்கியவர் பெரிய கலைஞர். அந்தப் பாத்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நம்முடைய எழுதாமைக்கு வாக்குமூலம் வாங்குவது விமர்சனம் ஆகாது.

யாருக்கும் தெரியாமல் எழுதிவிட்டுச் செத்தார் என்பதும் சரியில்லை. உயிரோடிருந்தபோதே சிறு புஸ்தகங்கள் பல வெளியாயின. 1924-ல் மரணப் படுக்கையில், பேசக்கூட முடியாத நிலையில், அவர் திருத்திக்கொண்டிருந்தது ‘பட்டினிக் கலைஞன்’ தொகுப்பின் புரூஃப். எல்லாவற்றையும் எரித்துவிடு என்று நண்பருக்கு எழுதி வைத்தவரும் இவர்தான். நம் ஆட்களுக்கு எரிக்கச் சொன்னது ஞாபகமிருக்கிறது, புரூஃப் ஞாபகமில்லை.

எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்பது தற்செயல் இல்லை. கோல்ரிட்ஜ் ‘குப்ளா கான்’ கவிதையை 1816-ல் அச்சிட்டபோது, அது அபினித் தூக்கத்தில் தானாக உருவானது, எழுதிக்கொண்டிருக்கும்போது வேலையாக ஒரு ஆள் வந்து கதவைத் தட்டியதால் மீதி மறந்துபோயிற்று என்று ஒரு முன்னுரை சேர்த்தார். 1934-ல் வெளிச்சத்துக்கு வந்த அவருடைய கையெழுத்துப் பிரதியில் சில இடங்கள் அச்சில் உள்ளதிலிருந்து வேறுபடுகின்றன. அதாவது உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். முன்னுரைக்கு இதனால் சேதமில்லை, கதவைத் தட்டிய ஆள் இன்றைக்கும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இதற்கு நேர் எதிர், ஆந்தனி டிராலப். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் இலாகாவில் உத்தியோகம். விடியுமுன் எழுந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை என்று எழுதியவர். நாற்பத்தேழு நாவல்கள். இந்த விஷயத்தை ஒளிக்காமல் அவர் எழுதிவைத்த சுயசரிதை, இறந்த மறு வருஷம் 1883-ல் வெளிவந்தது. அதிலிருந்து நெடுங்காலம் அவர் பெயர் இறங்குமுகம். அபினியை மன்னித்த வாசகன் கடிகாரத்தை மன்னிக்கவில்லை. டிராலப்பைப் பெரிய கலைஞன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாற்பத்தேழில் பலது தபால் மாதிரிதான், போய்ச் சேர்ந்ததும் காரியம் முடிந்தது. ஆனால் எழுத்து என்பது உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ற செய்தி ஏன் இவ்வளவு அருவருப்பை உண்டாக்குகிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். எழுத்து வேலையாக இருந்தால் அதைச் செய்யாதவன் சோம்பேறி. எழுத்து வரமாக இருந்தால் அது கிடைக்காதவன் துரதிருஷ்டசாலி. நமக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நம்மூரில் வரம் தரித்திரத்தின் உருவில் வரும் என்று வேறு ஒரு ஐதீகம். புதுமைப்பித்தன் நாற்பத்திரண்டு வயதில் க்ஷயரோகத்தில் போனார். 1948 மே 5, திருவனந்தபுரம். அந்த மரணத்தை வைத்து, வறுமை அவருடைய கலைக்கு உரமாயிற்று என்று எழுதாத நினைவு மலர் இல்லை. அவருடைய கதைகளில் மிகப் பெரும்பாலானவை ‘மணிக்கொடி’ நாட்களிலும், அதன் பிறகு ‘தினமணி’யில் மொழிபெயர்த்தும் செய்தி எழுதியும் சம்பளம் வாங்கிய நாட்களிலும் எழுதியவை. 1943-ல் அந்த வேலையை விட்டார். பிறகு ஸினிமா. பணத்துக்காகப் போனார், வேறு எதற்காகவும் இல்லை. கதைகள் அருகிவிட்டன. ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போனவர் நோயோடு திரும்பினார். வறுமை அவரை எழுதவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அவரைக் கதையிலிருந்து வசனத்துக்கு இழுத்துப் போனது வறுமை. இந்த ஐதீகம் யாருக்கு லாபம் என்று பார்த்தால், எழுத்தாளனுக்குச் சரியாகப் பணம் தராதவர்களுக்கு. பட்டினி போட்டால் நன்றாக எழுதுவான் என்பது எவ்வளவு மலிவான புரவலர் தர்மம்!

மாறாக, மௌனி ஆபீஸ் போனவர் அல்ல. நேரம் போதவில்லை என்று அவருக்காக யாரும் பரிந்து பேசமுடியாது. எழுதியது இருபத்துநாலு கதைகள். அந்த எண்ணிக்கை குறைவு என்று வருத்தப்படுகிறவர்களோடு எனக்கு விவாதமில்லை. அவர்கள் மௌனியைப் படிக்கவில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். நேரத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு, கிணற்றுக்கும் வாளிக்கும் உள்ள உறவு மாதிரி நேரானதில்லை.

சம்பளம் ஒரு காரியத்தை நிச்சயமாகச் செய்தது. எழுத்தை விற்கத் தேவையில்லாமல் ஆக்கியது. அலெக்ஸாந்திரியாவில் கவாஃபி 1892 முதல் முப்பது வருஷம் நீர்ப்பாசன இலாகாவில் எழுத்தராக இருந்தார். தம் கிரேக்கக் கவிதைகளைத் தனித்தனித் தாளாகத் தம் செலவில் அச்சடித்து, கையால் திருத்தி, ஊசி குத்திச் சேர்த்து, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். உயிரோடிருந்தவரை தொகுப்பு என்று ஒன்றை விலைக்குப் போடவில்லை. தாமே ஏற்றுக்கொண்டு விட்டுச் சென்ற கவிதைகள் நூற்றைம்பத்துநாலு. நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இவரைவிட நெருங்கிய பங்காளி உலகத்தில் வேறு யார்? நம்முடைய பத்திரிகைகளும் யாரோ ஒருவருடைய சம்பளத்திலோ சேமநல நிதிக் கடனிலோதான் அச்சாயின. பக்க அளவுக்கு வெட்டாமல், அடுத்த வாரம் தொடரும் இடத்துக்கு ஏற்ப ஒரு பாத்திரத்தைச் சாகடிக்காமல் எழுத முடிந்ததற்குக் காரணம், ஒன்றாம் தேதி சம்பளம் வேறு எங்கிருந்தோ வந்தது. 1959-லிருந்து 1970 வரை ‘எழுத்து’வைத் தூக்கிக்கொண்டு நின்ற சி.சு. செல்லப்பா இந்த வசதியும் இல்லாமல் நின்றார் என்பதால்தான் அவரை நான் தனியாக வைக்கிறேன்.

இதிலேயே இன்னொன்று. உத்தியோகம் தின்ற நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், உத்தியோகம் முடிந்த பிறகு தங்களுக்குக் கிடைக்கிற நேரத்தை யார் தருகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. காஃப்கா மத்தியானம் தூங்க முடிந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். 1916-17 குளிர்காலத்தில் ‘கிராமத்து மருத்துவன்’ தொகுப்பின் கதைகளை எழுதிய சின்ன வீடு, தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்துச் சரிசெய்து கொடுத்தது. நம் வீடுகளில் எழுதுகிற பெண்களைப் பற்றி, வீட்டில்தானே இருக்கிறாள், நிறைய எழுதலாமே என்று சொல்கிற அதே வாய்தான் ஆபீஸ் தன் நாவலைத் தின்றுவிட்டது என்றும் சொல்கிறது. இரண்டு மணிக்கு முடிகிற அடுப்பு எந்த ஊரில் இருக்கிறது?

ஆனாலும் உத்தியோகம் நமக்குச் சேதம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்திருக்கிறது, வேறு விதத்தில். வாழ்க்கை ஆபீஸுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது, எழுத்துக்கான அநுபவம் அங்கேதான் கிடைக்கும் என்று நாம் முடிவு செய்துவிட்டதால், பகல் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காஃப்கா அப்படி உட்காரவில்லை. அவருடைய ஆபீஸ் எழுத்துக்கள் 1984-ல் ஜெர்மனில் தொகுப்பாக வந்தன. அவற்றில் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி 1910-ல் எழுதிய ஒரு அறிக்கை இருக்கிறது. சதுரத் தண்டில் கத்திகளைப் பொருத்தினால் தண்டுக்கும் மேஜைக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. கை வழுக்கினால் விரல்கள் அதற்குள் போகின்றன. உருளைத் தண்டு போட்டால் காயத்தோடு தப்பும். இதைப் படங்களோடு, விரல் போன கைகளின் படங்களோடு, குரலை உயர்த்தாமல் விளக்குகிறார். தங்கள் ஆலையை அபாயம் குறைந்த வகுப்பில் சேர்க்கும்படி முதலாளிகள் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் எழுதுவதும் அவர் வேலை. இந்த அறிக்கையிலிருந்து ‘தண்டனைக் குடியிருப்பில்’ வருகிற இயந்திரத்துக்கு நேர்கோடு போட நான் தயாரில்லை. அது பேராசிரியர்களின் பொழுதுபோக்கு. ஆனால் ஒரு பயங்கரத்தை அதன் திருகாணி வரைக்கும் சொல்கிற அந்த நிதானமான வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதை அவர் இரவில் மட்டும் கற்றுக்கொண்டார் என்று என்னால் நம்பமுடியவில்லை.

தமிழில் இதைச் செய்தவர் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். அந்த வருஷங்கள் ‘கரைந்த நிழல்க’ளில் இருக்கின்றன. ஸினிமாவைப் பற்றிய நாவலில் நட்சத்திரத்தின் பளபளப்பு இல்லை. கார் ஏற்பாடு இருக்கிறது, சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது, கொடுக்காத பாக்கி இருக்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் 1966-ல் நாம் பார்த்த கடைத்தெரு, கடையில் உட்கார்ந்து பார்த்தவனின் கடைத்தெரு. மற்றபடி நம் கவிதைகளில் ஆபீஸ் என்றால் மின்விசிறி, கோப்பு, ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம். கோப்பைத் திறந்து பார்த்த கவிதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கருவூலத்தில் வேலை பார்த்தவன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அப்போது வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து, தாம் உயிரோடிருப்பதைக் காட்டவேண்டியிருந்தது. மஸ்டரிங் என்போம். கிழவர்கள் காலையிலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள், பலர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. புஸ்தகத்தில் எப்போதோ எழுதிய அங்க அடையாளம் இருக்கும்: இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். தோல் சுருங்கி மச்சம் எங்கேயோ போயிருக்கும். அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார், நாமும் தேடுவோம். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். எண்பது வயசுக் கிழவி அந்த வாக்கியத்தின் கீழே கட்டைவிரலை வைப்பாள். மை துடைக்கத் துணி கேட்பாள். என் பக்கத்து மேஜையில் இருந்தவர் இலக்கியம் படித்தவர், கவிதை எழுதுகிறவர். அநுபவங்களே இல்லாத வறண்ட பிழைப்பு என்று சாயங்காலம் என்னோடு நடந்து வருகையில் சொல்வார்.

வேலையை விட்டுவிட்டு எழுதலாமா என்று என்னிடம் கேட்டு எழுதுகிற இளைஞர்களுக்கு நான் ஒரே பதில் எழுதுவதில்லை. சிலர் விடவேண்டும். சில உத்தியோகங்கள் உடம்பையே தின்றுவிடுகின்றன, இரவு முழுக்கக் கண் விழிக்கச் சொல்கிற வேலைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பாஷையைத் தின்கிற உத்தியோகமும் உண்டு. அப்படிப்பட்டது பெரும்பாலும் எழுத்து சம்பந்தப்பட்ட உத்தியோகம் என்பதுதான் வேடிக்கை. விளம்பர வாசகமோ வசனமோ எழுதிவிட்டு வந்து ராத்திரி கதை எழுத உட்காருகிறவன் முதலில் கையைக் கழுவவேண்டியிருக்கிறது. சர்வேயருக்கு அந்தக் கஷ்டமில்லை.

சர்வேயர் என்றது ஒரு நண்பரை நினைத்து. (‘கோட்டை’யின் நாயகனும் தன்னைச் சர்வேயர் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். நண்பருக்கு இதில் ஒரு காலத்தில் பெருமை உண்டு.) நில அளவைத் துறையில் இருபத்தெட்டு வருஷம். இத்தனை காலமும் ஒரு பெரிய நாவல் எழுதிக்கொண்டிருந்தார், மூன்று தலைமுறைக் கதை. உத்தியோகம் அதை முடிக்க விடவில்லை என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. நாவலின் முதல் நூறு பக்கத்தைப் படித்திருக்கிறேன். நல்ல வாக்கியங்கள், எல்லாம் எங்கேயோ படித்தவை.

அதே இருபத்தெட்டு வருஷமும் அவர் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முகாம் போட்ட ஊர்களிலிருந்து, கிராம நிர்வாக அலுவலர் வீட்டுத் திண்ணையிலிருந்து. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் ஒரு முழ அகல வாய்க்கால் வரப்புக்காகச் சங்கிலியை நாலு தடவை பிடிக்கச் சொன்னது. புலப்படத்தில் இருக்கிற கிணறு தரையில் இல்லாமல் போனது. புறம்போக்கில் கல் நடப் போன இடத்தில் ஒரு கிழவி அந்தக் குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது, இருட்டியதும் தானாக எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனது. அலங்காரமில்லாத, அளந்து வைத்த பாஷை. நூற்றுச் சொச்சம் கடிதம் இருக்கிறது. வரிசைப்படுத்திக் கட்டி வைத்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகைக்கு அவற்றிலிருந்து பத்துப் பதினைந்தைக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறேன். அதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், அதைப் போய் அச்சில் போடுவதா என்கிறார். போன மாதம் கொஞ்சம் இளகினார். நாவலை முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார்.